ஜெர்மன் நாட்டில் ஓர் ஆசானைத் தேடி

சட்டக் கல்வியில் பட்டம் பெற்ற நம் இளைஞர் மேல்நாடு செல்ல விரும்பும்போது, அவர்தம் எண்ணம் பெரும்பாலும் இங்கிலாந்தையும் அமெரிக்காவையுமே நாடுகின்றது. மொழி தெரிந்த நாடுகள்; சட்டமும் பழகிய சட்டம்; ஆகவே அதில் வியப்பில்லை. ஆயினும், "ஐயா, ஜெர்மனியில் சட்டத்தில் டாக்டர் பட்டம் பெற இயலுமா? யாருக்கு எழுதுவது? என்ன எழுதுவது?" என்று கேட்டு வரும் மாணவர் சிலரும் ஆண்டுதோறும் உளர். அந்நாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் நான்கு ஆண்டுகள் தங்கி ஆராய்ந்தவன் என்ற முறையில், அவர்களுக்கு நான் கூறி வரும் மறுமொழியையே இன்று உங்களுக்கும் கூற விழைகின்றேன்.

முதற்கண் உணர வேண்டியது ஒன்று உண்டு. நம் நாட்டில் ஆராய்ச்சி மாணவராகச் சேர விரும்புவோர் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பம் செய்கிறார்கள். நுழைவுத் தேர்வு எழுதுகிறார்கள். நேர்முகத் தேர்வுக்குச் செல்கிறார்கள். வழிகாட்டும் ஆசிரியர் யார் என்பது பெரும்பாலும் அதற்குப் பின்னரே உறுதியாகின்றது. ஜெர்மனியின் சட்டப் புலங்களில் இந்த வரிசை தலைகீழாக உள்ளது. அங்கே முதலில் நாட வேண்டியது அலுவலகத்தை அன்று, ஆளை. பேராசிரியர் ஒருவர், "உம் ஆராய்ச்சியை நான் ஏற்று நடத்துவேன்" என்று எழுதித் தரவேண்டும். அவர் அவ்வாறு எழுதும்வரை பல்கலைக்கழகத்தைப் பொறுத்தவரையில் நீங்கள் யாரோ ஒருவர்.

அந்நாட்டு மாணவர் தம் வழிகாட்டியை 'டோக்டர்ஃபாட்டர்' என்பர். 'டாக்டர் தந்தை' என்பது அதன் நேர்ப்பொருள். பெண் பேராசிரியராயின் 'டோக்டர்முட்டர்', அதாவது 'டாக்டர் தாய்'. விதி நூல்களில் இச்சொல் இடம்பெறாது. பேணுபவர் என்னும் பொருளுடைய வேறொரு சொல்லே அங்கு வழங்கும். ஆனால் உணவுக் கூடத்தில் மாணவர் பேசிக்கொள்ளும்போது தந்தையும் தாயுமே வருவர். இது வெறும் செல்லப் பெயர் என்று நான் எண்ணுவதில்லை. ஒரு மாணவர் எழுதும் முந்நூறு பக்கங்களை வரி வரியாகப் படித்து, முதல் மதிப்பீட்டு அறிக்கையை எழுத வேண்டியவர் அவரே. அவருடைய மாணவர் என்றே அறிஞர் உலகம் அப்பிள்ளையைப் பின்னாளில் அடையாளம் காணும். ஆகவே ஒருவரை ஏற்பதும் மறுப்பதும் அவர் விருப்பம். காரணம் கூறாமலே மறுக்கலாம். அதன்மேல் முறையீடு கிடையாது.

இனி, தகுதியைப் பற்றி. ஜெர்மனியில் சட்டம் பயில்வோர் எழுதும் இறுதித் தேர்வைப் பல்கலைக்கழகம் மட்டும் நடத்துவதில்லை. அதன் பெரும்பகுதியை அரசே நடத்துகின்றது. அரசுத் தேர்வு என்றே அதற்குப் பெயர். முதல் தேர்வுக்குப் பின் இரண்டு ஆண்டுகள் நீதிமன்றத்திலும் வழக்கறிஞரிடத்தும் அரசு அலுவலகங்களிலும் பயிற்சி. அதன்பின் இரண்டாம் அரசுத் தேர்வு. மதிப்பெண்ணின் உச்சவரம்பு 18. இதில் 9 பெற்றவருக்கு 'முழுத் திருப்தி' என்னும் தரம் கிடைக்கும். பதினெட்டுக்கு ஒன்பது என்றால் பாதிதானே என்று நகைக்க வேண்டா. அந்த ஒன்பதை எட்டுவோர் சிறுபான்மையினரே. சட்டப் புலங்கள் டாக்டர் பட்ட மாணவரிடம் பொதுவாக எதிர்பார்ப்பது அந்தத் தரத்தைத்தான்.

வெளிநாட்டினர் அத்தேர்வை எழுதியிருக்க மாட்டார்கள். அவர்களுடைய பட்டத்தை எதற்கு இணையாகக் கொள்வது என்பதை அந்தந்தப் புலமே முடிவு செய்கின்றது. ஒவ்வொரு புலத்துக்கும் டாக்டர் பட்ட விதிநூல் ஒன்று உண்டு. சில புலங்கள், ஜெர்மன் பல்கலைக்கழகம் ஒன்றில் முதலில் ஓராண்டு பயின்று, வெளிநாட்டினர்க்குரிய முதுநிலைச் சட்டப் பட்டத்தை நல்ல தரத்தில் பெற்று வருமாறு கூறும். சில புலங்கள் தம்மிடத்திலேயே கருத்தரங்க வகுப்பு ஒன்றில் கட்டுரை படித்துக் குறிப்பிட்ட மதிப்பெண் பெற்றிருத்தல் வேண்டும் என்னும். என்னை வந்து கண்ட மாணவி ஒருத்திக்கு, அவள் எழுதிய முதற்கடிதத்துக்கே ஒரு பேராசிரியர் மனமுவந்து இசைவு தந்துவிட்டார். விதிநூலோ ஓராண்டு முதுநிலைப் படிப்பைக் கேட்டது. அதை விலக்கப் பேராசிரியருக்கும் அதிகாரமில்லை. ஓராண்டுக்கென வைத்திருந்த சேமிப்பு அப்படிப்பிலேயே கரைந்தது. ஆராய்ச்சியைத் தொடங்க அவள் மேலும் ஓராண்டு ஊரில் வேலை பார்த்துப் பொருள் சேர்க்க வேண்டியதாயிற்று. ஆகவே, பேராசிரியரின் நூல்களைப் படிக்குமுன் அவருடைய புலத்தின் விதிநூலைப் படியுங்கள் என்பேன். அது வறண்ட நூல்தான். இணையத்தில் எளிதாகக் கிடைக்கும். இருபது பக்கம் இருக்கலாம்.

விதி பொருந்துகின்றது என்று கொள்வோம். அடுத்தது ஆராய்ச்சிப் பொருள். இங்கேதான் நம் மாணவர் பலர் தடுமாறுகின்றனர்.

வேதியியல் பயின்றவர் எந்நாட்டுக்குச் சென்றாலும் உப்பு உப்பாகவே கரையும். சட்டம் அத்தகையதன்று. அது நாட்டு எல்லையோடு மாறுவது. ஜெர்மானியரின் சிவில் சட்டத் தொகுப்பு 1896-இல் இயற்றப்பெற்று 1900 ஜனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. அதன் பிரிவுகள் 2385 என்ற எண்ணில் முடிகின்றன. அதிலேயே வளர்ந்து அதிலேயே முதிர்ந்த ஒரு பேராசிரியருக்கு, சென்னையிலிருந்தோ மதுரையிலிருந்தோ எழுதும் மாணவர் புதிதாக என்ன தர இயலும்? நம்மவர் வழக்கமாகத் தருவது, "இந்திய, ஜெர்மானிய ஒப்பந்தச் சட்டங்கள்: ஓர் ஒப்பீடு" என்பது போன்ற ஒரு தலைப்பு. இத்தகைய தலைப்புகள் பேராசிரியர்களின் மேசைக்கு நாள்தோறும் வருகின்றன. இரண்டு பொருள்களை அருகருகே வைப்பது ஆராய்ச்சி ஆகிவிடாது. எதற்காக அருகருகே வைக்கின்றீர் என்று அவர் கேட்பார். அந்த 'எதற்காக' என்பதே ஆராய்ச்சிக்கு உயிர்.

எடுத்துக்காட்டு ஒன்று கூறுகிறேன். பெர்லினில் குரோய்ட்ஸ்பெர்க் என்றொரு குன்று உண்டு. நெப்போலியனுக்கு எதிரான போர்களின் வெற்றிச் சின்னம் அதன்மேல் நிற்கின்றது. அச்சின்னம் கண்ணுக்கு நன்கு புலப்படவேண்டும் என்று, சுற்றிலும் எழும் கட்டடங்களின் உயரத்தைக் காவல் துறை ஓர் ஆணையால் கட்டுப்படுத்தியது. வழக்கு எழுந்தது. காவல் துறைக்குரியது ஆபத்தைத் தடுக்கும் அதிகாரமேயன்றி அழகைப் பேணும் அதிகாரம் அன்று என்று பிரஷ்யாவின் உயர் நிர்வாக நீதிமன்றம் 1882-இல் தீர்ப்பளித்தது. அரசின் கைக்கும் ஓர் அளவுண்டு என்ற இந்த விதையிலிருந்து கிளைத்தது, இன்று விகிதாசாரக் கோட்பாடு என வழங்குவது. மூட்டைப் பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தலாகாது என்று நம் பாட்டிமார் சொல்வதைத்தான் அவர்கள் படிப்படியான சோதனையாக ஆக்கினார்கள். நோக்கம் நேரியதா? வழி அந்நோக்கத்துக்கு உதவுமா? அதனினும் மென்மையான வழி இல்லையா? இழப்பு பயனுக்கு ஏற்றதா? கார்ல்ஸ்ரூவில் 1951-இல் தோன்றிய கூட்டாட்சி அரசியலமைப்பு நீதிமன்றம், 1958-இல் ஒரு மருந்துக்கடை வழக்கில் இவ்வழியே சென்று தொழில் உரிமையைக் காத்தது.

நம் உச்ச நீதிமன்றமும் 2016-இல் மாடர்ன் டென்டல் கல்லூரி வழக்கிலும், 2017-இல் புட்டசாமி வழக்கிலும், 2018-இல் ஆதார் வழக்கிலும் இக்கோட்பாட்டைக் கையாண்டது. இப்பொழுது கேள்வியை மாற்றிப் பாருங்கள். "இரு நாட்டிலும் விகிதாசாரக் கோட்பாடு: ஓர் ஒப்பீடு" என்பது தலைப்பு மட்டுமே. "மென்மையான வழி இல்லையா என்னும் படியை ஜெர்மானிய நீதிமன்றம் கையாளும் கண்டிப்பு, அக்கோட்பாடு இந்தியாவுக்கு வந்தபோது குறைந்ததா? குறைந்தது எனின், காரணம் நீதிபதியா, வழக்கு நடத்தும் முறையா, அரசு தரும் சான்றுகளின் தன்மையா?" என்பது கேள்வி. இதற்கு விடை காணும் மாணவரிடமிருந்து ஜெர்மானியப் பேராசிரியரும் தம் கோட்பாட்டைப் பற்றியே புதிதாக ஒன்றைக் கற்றுக்கொள்வார்.

கொடுக்கல் வாங்கல் ஒருவழிப் பாதை என்று எண்ண வேண்டா. 1933-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில், பாராளுமன்றம் இயற்றிய ஒரு சட்டத்தாலேயே இட்லரின் அமைச்சரவைக்குச் சட்டமியற்றும் அதிகாரம் போயிற்று. அந்தக் கசப்பை மறவாத ஜெர்மானியர், 1949-இல் இயற்றிய அடிப்படைச் சட்டத்தின் 79-ஆம் பிரிவில், மனித மாண்பு, மக்களாட்சி போன்ற சில நெறிகளை எந்தத் திருத்தமும் தொடலாகாது என எழுதி வைத்தனர். ஹைடெல்பெர்க்கில் 1962-இல் நிறுவப்பெற்ற தெற்காசிய நிலையத்தைச் சார்ந்த டீட்ரிக் கான்ராட் என்னும் அறிஞர், நம் அரசியலமைப்பைக் கற்று, திருத்தும் அதிகாரத்துக்கு உள்ளார்ந்த எல்லை உண்டா என்பது பற்றி 1965-இல் காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் ஒரு சொற்பொழிவு ஆற்றினார். அக்கருத்தை வழக்கறிஞர் எம். கே. நம்பியார் 1967-இல் கோலக்நாத் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின்முன் வைத்தார். 1973-இல் கேசவானந்த பாரதி வழக்கில் அடிப்படைக் கட்டமைப்புக் கோட்பாடு பிறந்தபோது, நீதிபதி கன்னா தம் தீர்ப்பில் கான்ராடின் பெயரைக் குறித்தார். வேற்று நாட்டுச் சட்டத்தை உற்றுப் படித்த ஒருவரின் கேள்வி எத்துணைத் தொலைவு செல்லும் என்பதற்கு இதனினும் நல்ல சான்றை நான் அறியேன்.

கேள்வி கிடைத்த பின் ஆராய்ச்சித் திட்டத்தை எழுதவேண்டும். 'எக்ஸ்போசே' என்பது அங்கு அதற்குரிய பெயர். பத்துப் பக்க அளவில் அமைந்தால் போதும். கேள்வி என்ன, இதுவரை பிறர் கண்டது என்ன, எஞ்சியிருப்பது என்ன, எம்முறையில் ஆராய்வது, இயல்களின் வரைவு, கால அளவு, நூற்பட்டியல் ஆகியவை அதில் இடம்பெறும். இவற்றுள் இரண்டாவதே மிகவும் கடினமானது. ஜெர்மானியச் சட்டம் உரைநூல்களில் வாழ்கின்றது. சட்டத்தின் ஒவ்வொரு பிரிவையும் எடுத்துக்கொண்டு, சொற்பொருள் கூறி, தீர்ப்புகளைக் காட்டி, மாறுபட்ட கருத்துகளைச் சொல்லி, தம் முடிபையும் நிறுவும் பெருநூல்கள் அவை. நூற்பாவுக்கு உரை எழுதி, பிறர் உரையை மறுத்து, தம் உரையை நாட்டிய இளம்பூரணரையும் நச்சினார்க்கினியரையும் பயின்ற தமிழ் மாணவருக்கு இம்முறை புதிதன்று. ஆங்கிலச் சட்ட மரபில் மட்டும் வளர்ந்தவரைவிட நமக்கு இது எளிதில் பிடிபடும் என்பது என் கருத்து. உங்கள் கேள்வியைத் தொடும் பிரிவுக்கு உரைநூல் என்ன சொல்கின்றது என்பதைப் படியாமல் எழுதிய திட்டத்தைப் பேராசிரியர் முதற் பக்கத்திலேயே கண்டுகொள்வார்.

அப்படியாயின் ஜெர்மன் மொழி தெரிந்தே ஆகவேண்டுமா என்பீர்கள். ஆய்வேட்டை ஆங்கிலத்தில் எழுதப் பல புலங்கள் விண்ணப்பத்தின்பேரில் இசைவு தருகின்றன. பன்னாட்டுச் சட்டம், ஐரோப்பிய ஒன்றியச் சட்டம் ஆகியவற்றில் ஆங்கிலம் நெடுந்தொலைவு கை கொடுக்கும். அரசியலமைப்பு, சிவில் சட்டம், குற்றவியல் சட்டம் ஆகிய துறைகளில் மூல நூல்களைப் படிக்கும் அளவுக்கேனும் ஜெர்மன் வேண்டும். இதில் குறுக்கு வழி காட்ட என்னால் இயலாது. சென்னையிலேயே மாக்ஸ் முல்லர் பவனத்தில் இம்மொழியைக் கற்கலாம், இரண்டாண்டுகள் ஒதுக்குங்கள். டாக்டர் அம்பேத்கர் 1921-இல் பான் பல்கலைக்கழகத்தில் இடம் வேண்டி எழுதிய கடிதம் ஜெர்மன் மொழியில் அவர் கைப்பட எழுதியதாகும். அவர் படிக்க விரும்பியது பொருளாதாரமே எனினும், நம் அரசியலமைப்பை வரைந்த குழுவின் தலைவர் அம்மொழியைக் கற்றவர் என்பதை இங்கு நினைவூட்டலாம்.

கடிதத்துக்கு வருவோம். இன்று அது மின்னஞ்சலாகவே செல்கின்றது. ஒரு பக்கத்துக்கு மேற்படலாகாது. பேராசிரியர், டாக்டர் ஆகிய இரண்டு பட்டங்களையும் விடாமல் குறித்து விளிப்பது அந்நாட்டு மரபு. முதல் வாக்கியத்தில் உங்கள் கேள்வி வந்துவிடவேண்டும். அதற்கடுத்து, அவருடைய எந்தக் கட்டுரையை எந்த இடத்தில் உங்கள் கேள்வி தொடுகின்றது என்பதைக் கூறுங்கள். அவர் கருத்தோடு நீங்கள் மாறுபடுவதாயின் அதையும் பணிவோடு கூறலாம். அதனால் அவர் சினங்கொள்வதில்லை. "தங்கள் புகழ் திக்கெட்டும் பரவியுள்ளது" என்று தொடங்கும் கடிதங்களை நம்மவர் எழுதுகின்றனர். அவை அங்கே மரியாதையாகக் கொள்ளப்படுவதில்லை. எழுதியவருக்குச் சொல்லப் பொருள் இல்லை என்பதற்கு அடையாளமாகவே கொள்ளப்படுகின்றன. தன்வரலாறு, மதிப்பெண் சான்றுகள், நம் மதிப்பெண் முறையைப் பற்றிய இரண்டு வரி விளக்கம், ஆராய்ச்சித் திட்டம் ஆகியவற்றை இணைத்தால் போதும்.

ஒரே நாளில் இருபது பேருக்கு ஒரே கடிதத்தை அனுப்புவோரும் உளர். ஒரு புலத்தின் பேராசிரியர்கள் ஒரே மாடியில் இருப்பவர்கள். நண்பகலில் ஒன்றாக உண்பவர்கள். இருவர் பேசிக்கொண்டால் அந்த விண்ணப்பம் அன்றே முடிந்தது.

நான் மூவருக்கு, ஒருவர் பின் ஒருவராக எழுதினேன். முதலாமவர் இரண்டே நாளில், தம்மிடம் மாணவர் நிறைந்துவிட்டனர் என்று எழுதி, வேறொரு நகரத்தில் உள்ள ஒருவரின் பெயரையும் குறித்திருந்தார். அவருக்கு எழுதினேன். ஆறு வாரம் விடை இல்லை. சுருக்கமாக நினைவூட்டினேன். பேராசிரியர் விரைவில் ஓய்வு பெறுவதால் புதியவரை ஏற்பதில்லை என்று அவருடைய செயலாளர் ஒரு வரி எழுதினார். மூன்றாமவரிடமிருந்து வந்த மறுமொழி இரண்டே வாக்கியம்: கேள்வி எனக்குப் பிடித்திருக்கிறது; இவ்வாய்வில் எதனை எழுதாமல் விடுவீர்கள்?

இதனை எழுதுவேன், அதனை எழுதுவேன் என்று பத்துப் பக்கம் நிரப்பியவனுக்கு அந்த வினா புதிதாக இருந்தது. விடை எழுத ஒன்பது நாள் ஆயிற்று. வரலாற்றியல் முழுவதும் போயிற்று. மூன்று நாடுகள் இரண்டு நாடுகள் ஆயின. பத்துப் பக்கம் ஆறு பக்கம் ஆயிற்று. அதன்பின் அவர் தம் ஆராய்ச்சி மாணவர் கூடும் கருத்தரங்கில் இணையவழியே என்னைப் பேசச் செய்தார். இரண்டு மணி நேரம் அம்மாணவர்கள் என்னைக் குடைந்தார்கள். அவர் ஒன்றும் பேசவில்லை. மறுநாள் இசைவுக் கடிதம் வந்தது. விதிவிலக்கான மனிதர் என்று அவரை நான் கருதவில்லை. அந்நாட்டுப் பேராசிரியர் பலர் இத்தகையவரே.

அந்த இசைவுக் கடிதம் ஒரு திறவுகோல் போன்றது. ஜெர்மானியக் கல்விப் பரிமாற்றச் சேவை 1925-இல் தோன்றிய பழைய நிறுவனம். ஆராய்ச்சி உதவித்தொகைக்கு அதனிடம் விண்ணப்பிக்க இக்கடிதம் வேண்டும். புலத்தின் குழு உங்களை முறைப்படி ஆராய்ச்சி மாணவராக ஏற்பதற்கும், விசாவுக்கும் இதுவே அடிப்படை. அரசுப் பல்கலைக்கழகங்களில் டாக்டர் பட்ட ஆராய்ச்சிக்குக் கல்விக் கட்டணம் இல்லை. பருவந்தோறும் ஒரு சிறு தொகை செலுத்தவேண்டும். உணவும் உறையுளுமே பெருஞ்செலவு. பேராசிரியரின் துறையிலேயே உதவியாளர் வேலை கிடைக்கும் என்று நம்பிச் செல்ல வேண்டா. மாணவரின் விடைத்தாளைத் திருத்தும் அளவுக்கு ஜெர்மானியச் சட்டம் அறிந்தவருக்கே அது பெரும்பாலும் கிடைக்கும்.

இன்று பல புலங்கள் ஆசிரியரும் மாணவரும் கையொப்பமிடும் உடன்படிக்கை ஒன்றையும் கேட்கின்றன. இருவரும் எத்தனை திங்களுக்கு ஒருமுறை சந்திப்பது, எடுத்தாளும் நெறி என்ன என்பன அதில் இருக்கும். பாதுகாப்பு அமைச்சராக இருந்த குட்டன்பெர்க், பிறர் எழுத்தை உரியவாறு குறிக்காமல் தம் சட்ட ஆய்வேட்டில் சேர்த்திருந்தமை 2011-இல் வெளிப்பட்டது. பைராய்ட் பல்கலைக்கழகம் பட்டத்தைத் திரும்பப் பெற்றது. சில நாளில் அமைச்சர் பதவியும் போயிற்று. அதன்பின் மேற்பார்வையில் கண்டிப்பு மிகுந்தது. ஆய்வேடு தேறினாலும், அதனை வெளியிட்ட பின்னரே பெயருக்கு முன் டாக்டர் என்று எழுதலாம் என்பதும் அங்குள்ள விதி.

இன்னும் ஒன்றை வெளிப்படையாகச் சொல்லவேண்டும். இப்பட்டம் ஒருவரை ஜெர்மனியில் வழக்கறிஞராக ஆக்காது. அதற்கு இரண்டு அரசுத் தேர்வுகளும் வேண்டும். அங்கேயே தொழில் நடத்தலாம் என்ற நம்பிக்கையில் வீட்டை அடகு வைத்துப் புறப்பட்டவரை நான் கண்டிருக்கிறேன். கற்பிக்கவும் ஆராயவும் விரும்புவோருக்கே மூன்று முதல் ஐந்து ஆண்டுகள் கேட்கும் இந்த வழி ஏற்றது. பெற்றோரிடம் இதனை மறையாமல் கூறிவிட்டுத் தொடங்குங்கள்.

எப்பொழுது எழுதுவது என்பதையும் கூறிவிடுகிறேன். அங்கே குளிர்காலப் பருவம் அக்டோபரிலும் கோடைப் பருவம் ஏப்பிரலிலும் தொடங்குகின்றன. விரிவுரைகள் பிப்ரவரி நடுவிலும் ஜூலையிலும் முடிவடையும். ஆகஸ்டில் பலர் ஊரிலேயே இரார். கிறித்துமஸை ஒட்டிய இரண்டு வாரமும் அப்படியே. நவம்பரிலோ மே மாதத்திலோ அனுப்பிய கடிதம் படிக்கப்பெறும். ஆறு வாரம் பொறுங்கள், ஒருமுறை நினைவூட்டுங்கள், அதற்கும் விடை இல்லையேல் அடுத்த பெயருக்கு, அவருடைய நூல்களைப் படித்த பின், புதிதாக எழுதுங்கள்.